உப்புத் தண்ணீர் வரும் வீட்டுக்கு எந்த டிஷ்வாஷர் பொருந்தும்?

மேல்தளவாசி:

அனைவருக்கும் வணக்கம். மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் இருக்கிறோம். மாமியார், கணவர், நான், பள்ளி செல்லும் இரு பிள்ளைகள் என ஐந்து பேர். பாத்திரம் தேய்த்துக் கொடுத்து வந்த அம்மா, மகளின் பிரசவத்துக்காகச் சொந்த ஊருக்குப் போனவர், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டார். வேறு ஆள் தேடி அலுத்த பிறகு, டிஷ்வாஷர் வாங்கிவிடலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. ஆனால் கடைக்குப் போய்க் கேட்டால், எத்தனை புரோகிராம் இருக்கிறது, கைப்பேசியிலிருந்தே எப்படி இயக்கலாம், இந்த மாதம் என்ன தவணைச் சலுகை என்பவற்றைத்தான் சொல்கிறார்களே ஒழிய, எங்களுக்கு உண்மையில் தெரியவேண்டியவற்றுக்குத் தெளிவான பதில் கிடைப்பதில்லை.

எங்கள் குடியிருப்புக்கு வருவது போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்த தண்ணீர். குழாய் வாய்களிலெல்லாம் வெள்ளைப் பொருக்குக் கட்டியிருக்கிறது. கீசர் காயில் அடிக்கடி போய்விடுகிறது. சோப்பு நுரைக்கவே யோசிக்கிறது. இந்தத் தண்ணீரை நம்பி நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் போடலாமா என்பது என் முதல் கவலை. அடுத்தது அளவு. மேடைமேல் வைக்கும் 8 பிளேஸ் செட்டிங் மாதிரி ஒன்றும், தரையில் நிற்கும் 13 பிளேஸ் செட்டிங் மாதிரி ஒன்றும் பார்த்தோம். பெரியதில் கரண்டிகளுக்கென்று மேலே மூன்றாவதாக ஒரு தட்டும் இருக்கிறது. எங்கள் வீட்டில் பீங்கான் தட்டு என்று பெரிதாக எதுவும் கிடையாது. எவர்சில்வர் தட்டு, டபரா தம்ளர், குக்கர், வாணலி, இட்லித் தட்டு, அடிப்பிடித்த பால் பாத்திரம், ஐந்து பேரின் டிபன் டப்பாக்கள், இவைதான். இவற்றுக்கு எது சரிப்படும்?

கடைசியாக ஒன்று. எச்சில் தட்டையும் சமைத்த பாத்திரத்தையும் ஒரே பெட்டிக்குள் போட்டுக் கழுவுவதை மாமியாரால் ஏற்க முடியவில்லை. அவர் மனம் நோகாமல் இதைச் சமாளித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

வேதியியல் வாத்தியார்:

வணக்கம் அம்மா. தண்ணீரை முதலில் கேட்டது மிகவும் சரி. மற்றவையெல்லாம் வசதி சார்ந்த கேள்விகள்; தண்ணீர் மட்டும்தான் இயந்திரத்தின் ஆயுளையும் பாத்திரத்தின் பளபளப்பையும் ஒருசேரத் தீர்மானிப்பது. எனவே எந்த மாதிரியையும் பார்ப்பதற்கு முன், உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ஆர்.ஓ. பொருத்த வருபவர்கள் தம்ளரில் மீட்டரை முக்கி ஓர் எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவார்களே, அது டி.டி.எஸ்.; அதாவது நீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளின் மொத்த அளவு. கடினத்தன்மை என்பது அவற்றுள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மட்டும் கணக்கிட்டு, கால்சியம் கார்பனேட்டாக மாற்றிச் சொல்லும் அளவு. கீசர் காயிலின் மேல் ஓடுபோலப் படிவது இந்த இரண்டாம் வகைதான். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் சோடியம் உப்பு மிகுந்து டி.டி.எஸ். 1,500 காட்டும் தண்ணீரில் கடினத்தன்மை அந்த அளவுக்கு இல்லாமலும் இருக்கலாம். ஆகவே ஓர் எண்ணைக்கொண்டு மற்றதை ஊகிக்க முடியாது. கிண்டியில் உள்ள அரசின் கிங் நிறுவனத்தில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். பிற மாவட்டங்களில் இருப்பவர்களுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் உள்ளன. அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்றால், வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்துப் பரிசோதனைப் பெட்டியே நம் தேவைக்குப் போதும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. சென்னைப் புறநகரின் பல போர்களில் இந்த 600-ஐத் தாண்டுவது அதிசயமல்ல.

டிஷ்வாஷரின் அடியில் மென்னீராக்கி என்று ஒரு பகுதி உண்டு. அதிலுள்ள பிசின் மணிகள், உள்ளே வரும் நீரிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலாகச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்துவிட்டால் அவற்றை மீண்டும் வேலைக்குத் தயார்ப்படுத்துவதற்குத்தான் உப்பு. அந்த உப்புக் கரைசல் மணிகளைக் கழுவிவிட்டுச் சாக்கடைக்குப் போய்விடும். பாத்திரத்தின் மேல் படாது. சமையல் உப்பைப் போட்டால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். கட்டிப்படாமலிருக்க அதில் சேர்க்கும் பொருள்களும், தூள் மிகவும் நைசாக இருப்பதும் உப்பறையை அடைத்துவிடும். டிஷ்வாஷர் உப்பு என்று தனியாக விற்கும் பருமணி உப்பையே வாங்குங்கள்.

ஐரோப்பிய வழிவந்த இயந்திரங்களின் கையேட்டில் கடினத்தன்மையை ஜெர்மன் டிகிரியில் குறிப்பிட்டிருப்பார்கள். உங்கள் எண்ணை 17.8-ஆல் வகுத்தால் அந்த டிகிரி கிடைத்துவிடும். இத்தகைய பல இயந்திரங்களின் மென்னீராக்கி 50 டிகிரி வரை, அதாவது ஏறத்தாழ 890 மில்லிகிராம் வரை தாங்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். உங்கள் தண்ணீர் அதற்குள் இருந்தால் தைரியமாக வாங்கலாம். மேலே போனால், இயந்திரத்துக்கு வரும் குழாயில் தனியாக ஒரு மென்னீராக்கியைப் பொருத்தாமல் வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும். அமெரிக்காவிலிருந்து திரும்புவோர் அங்கே பழகிய மாதிரியையே கேட்பதுண்டு. அந்தச் சந்தைக்கெனச் செய்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மென்னீராக்கியே கிடையாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். நீங்கள் பார்த்த 8 பிளேஸ் செட்டிங் மாதிரியில் அது இருக்கிறதா என்று கையேட்டைத் திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். விற்பனையாளரின் தலையசைப்பு போதாது.

‘எல்லாம் ஒன்றில்’ என்று எழுதிய மாத்திரையைப் போட்டால் உப்பே வேண்டாம் என்பார்கள். 21 டிகிரிக்குக் கீழே உள்ள நீருக்குத்தான் அது ஓரளவு பொருந்தும். நம் போர் தண்ணீருக்கு உப்பும், கழுவியபின் நீர் முத்துமுத்தாக நிற்காமல் வழிந்தோடச் செய்யும் ரின்ஸ் எய்டும், டிடர்ஜெண்டும் என மூன்றும் தனித்தனியாக வேண்டும்.

அம்பத்தூர் அகிலா:

வாத்தியார் ஐயா தண்ணீரைப் பற்றி முழுமையாகச் சொல்லிவிட்டார். பாத்திரங்களைப் பற்றி நான் சொல்கிறேன், சகோதரி. எங்கள் வீட்டிலும் எவர்சில்வர்தான், கூட்டுக் குடும்பம்.

8, 13 என்ற கணக்கை நம் வீட்டு ஆள் கணக்கோடு ஒப்பிடாதீர்கள். ஒரு பிளேஸ் செட்டிங் என்பது ஐரோப்பிய மேசையில் ஒருவருக்குப் பரிமாற வைக்கும் தட்டுகள், கோப்பை, சாசர், கண்ணாடித் தம்ளர், கத்தி, முள்கரண்டி, ஸ்பூன் ஆகியவற்றின் தொகுப்பு. அதில் 5 லிட்டர் குக்கருக்கும் இட்லிப் பானைக்கும் இடமே கிடையாது. நம் சமையலில் சாப்பிட்ட தட்டைவிடச் சமைத்த பாத்திரம்தானே அதிகம்? குக்கர், வாணலி, குழம்புப் பாத்திரம், ரசப் பாத்திரம் ஆகிய நான்கையும் கவிழ்த்தால் 13 பிளேஸ் செட்டிங் இயந்திரத்தின் கீழ்த்தட்டு நிரம்பிவிடும். மேடைமேல் வைக்கும் சிறிய மாதிரியில் குக்கரை வைத்தால் அதோடு கதை முடிந்தது. ஐந்து பேருக்கு அது போதவே போதாது. இருவர் மட்டும் உள்ள வீட்டுக்குச் சரி.

மூன்றாவது தட்டைப் பெரிய வசதி என்று கடைக்காரர்கள் சொல்வார்கள்; என் கருத்து அதற்கு நேர்மாறானது. அது ஐரோப்பியக் கத்தி, முள்கரண்டிகளைப் படுக்கவைப்பதற்காக அமைத்தது. நம் குழம்புக் கரண்டியின் குழி அதில் அடங்காது, மேலே இடிக்கும். அது எடுத்துக்கொள்ளும் உயரத்தைக் கீழேயுள்ள இரண்டு தட்டுகள் இழக்கின்றன. ஆகையால் மூன்றாவது தட்டுக்குப் பதில் கரண்டிக்கூடை உள்ள மாதிரியையோ, அந்தத் தட்டைக் கழற்றி வைத்துவிடக்கூடிய மாதிரியையோ தேடுங்கள். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. மேல்தட்டு, பாத்திரம் அடுக்கிய நிலையிலும் ஏற்றி இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கீழ்த்தட்டில் தட்டுகளை நிறுத்தும் கம்பி வரிசைகள் மடங்க வேண்டும். மடங்காவிட்டால் வாணலியை எப்படி வைத்தாலும் ஆடும். கடைக்குப் போகும்போது வீட்டிலுள்ள பெரிய குக்கரையும் அகலமான தட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று, கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இட்லித் தட்டுகளைத் தண்டிலிருந்து கழற்றிக் கம்பிகளுக்கிடையே நிறுத்திவிட்டால், குழிகளில் ஒட்டிய மாவு நீங்கள் கையால் தேய்ப்பதைவிட நன்றாகப் போகும். டிடர்ஜெண்டிலுள்ள நொதிகள் மாவுச்சத்தையும் புரதத்தையும் கரைப்பதற்கென்றே சேர்க்கப்படுபவை. சோறு, மாவு, பருப்பு, முட்டை ஆகியவற்றில் அவை கைதேர்ந்தவை. அதனால் தட்டைக் கழுவிவிட்டு உள்ளே வைக்க வேண்டியதில்லை. பருக்கையையும் கறிவேப்பிலையையும் வழித்துக் கொட்டினால் போதும். தீய்ந்து கருகிய அடி மட்டும் கொஞ்ச நேரம் ஊற வேண்டும். எந்த இயந்திரமும் அதைச் சுரண்டி எடுக்காது. கடாய் என்ற பெயரிலேயே சில நிறுவனங்கள் 70 டிகிரி வெந்நீரில் வேகமாகப் பீய்ச்சும் புரோகிராமைத் தருகின்றன. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரங்களுக்கு அது நன்கு பயன்படுகிறது. அன்றாடத்துக்கு அதுவும், நீரையும் மின்சாரத்தையும் குறைவாக எடுக்கும் எக்கோ புரோகிராமும் தவிர மற்ற புரோகிராம்களை நான் தொட்டதே இல்லை.

இனி, உள்ளே வைக்கவே கூடாதவை. அலுமினியம் கறுத்துவிடும், டிடர்ஜெண்டின் காரம் அதற்கு ஆகாது. பழைய அலுமினியக் குக்கர் வைத்திருந்தால் அதைக் கையால்தான் கழுவ வேண்டும், அல்லது எவர்சில்வர் குக்கருக்கு மாற வேண்டும். இரும்புத் தோசைக்கல்லும் இரும்பு வாணலியும் பழக்கிய எண்ணெய்ப் பதத்தை இழந்து, மறுநாளே துருவேறி நிற்கும். கல்சட்டி, மண்சட்டி, ஈயச் சொம்பு, பித்தளை, செம்பு, மர அகப்பை எதுவும் கூடாது. நான்ஸ்டிக்கும் காலப்போக்கில் பூச்சை இழக்கும். மிக்ஸி ஜாரின் அடியிலுள்ள புஷ்ஷில் நீர் இறங்கினால் ஜார் கெட்டுவிடும். பிளாஸ்டிக் டிபன் டப்பாக்களை மேல்தட்டில் வைக்கலாம். ஆனால் மஞ்சள் கறை போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். காரம் பட்டால் மஞ்சள் சிவப்பாக மாறி இன்னும் அழுத்தமாகத் தெரியும். வெயிலில் காயவைத்தால் தானே வெளுத்துவிடும்.

வடிகட்டியைக் கழுவுவதில் மட்டும் சோம்பல் கூடாது. இயந்திரத்தின் அடியில் திருகி எடுக்கும்படி ஓர் உருளை வலை இருக்கும். வாரம் ஒருமுறை எடுத்தால் அதில் கறிவேப்பிலை நரம்பு, புளிச் சக்கை, எலுமிச்சை விதை எல்லாம் கொழுகொழுவென்று சேர்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். பாத்திரம் சரியாகக் கழுவப்படவில்லை என்றால், தண்ணீர் பீய்ச்சும் கையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓட்டையில் கடுகு ஒன்று அளவெடுத்துத் தைத்தாற்போல உட்கார்ந்திருக்கும். பல்குச்சியால் தள்ளினால் வந்துவிடும். நம் தாளிப்புக்கு இந்த இயந்திரத்தைச் செய்தவர்கள் பழக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

பீளமேடு:

எல்லோரும் வாங்கு, வாங்கு என்கிறீர்கள். மாற்றுக் கருத்தும் இருக்கட்டும். எங்கள் வீட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது, மென்மையான நீர். உப்பை எப்போதாவதுதான் நிரப்புகிறேன். அப்படியிருந்தும் டிடர்ஜெண்ட், ரின்ஸ் எய்டு, மின்சாரம் எல்லாம் சேர்த்து ஒரு தடவை ஓட்ட 20 முதல் 30 ரூபாய் வரை ஆகிறது என்பது என் கணக்கு. உங்கள் தண்ணீருக்கு உப்புச் செலவும் சேரும். நாளுக்கு இரண்டு தடவை ஓட்டினால் மாதம் ஏறத்தாழ 1,500 ரூபாய். ஓர் உதவியாளருக்குக் கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பணம் மிச்சமாகும் என்று எண்ணி வாங்காதீர்கள்; ஆள் வராத கவலை ஒழியும் என்பதற்காக வாங்குங்கள். தண்ணீர் மிச்சமாவது மட்டும் உண்மை. முழு அளவு இயந்திரம் எக்கோவில் ஒரு தடவைக்கு 10 லிட்டரை ஒட்டித்தான் எடுக்கிறது. குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்தால் அந்த 10 லிட்டர் ஓரிரு நிமிடத்தில் போய்விடும். லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்பில் அதற்கு மதிப்பு உண்டு.

மேல்தளவாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தண்ணீரைப் பரிசோதித்துவிட்டோம், கடினத்தன்மை லிட்டருக்கு 640 மில்லிகிராம். வாத்தியார் ஐயா சொன்னபடி வகுத்தால் 36 டிகிரி வருகிறது. எனவே வாங்கலாம் என்றே எடுத்துக்கொள்கிறேன். சிறிய மாதிரியை விட்டுவிட்டோம். இப்போது வேறு சிக்கல். சமையல் மேடையின் கிரானைட்டுக்கு அடியில் அளந்தால் 80 சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கிறது. பின்புறம் யூட்டிலிட்டியில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இடம் உண்டு. ஆனால் அங்கே 6 ஆம்ப் பிளக்தான் இருக்கிறது. மேல்தளம் என்பதால் தண்ணீரின் வேகமும் குறைவு. வாத்தியார் ஐயா, கோடையில் தண்ணீர் இன்னும் கெட்டுப்போகுமே, அப்போது என்ன செய்வது?

மின்வினைஞர்:

அம்மா, உயரமும் அழுத்தமும் என் தொழில் சார்ந்தவை என்பதால் சொல்கிறேன். தரையில் நிற்கும் முழு அளவு மாதிரிகள் 60 சென்டிமீட்டர் அகலமும் ஏறத்தாழ 84.5 சென்டிமீட்டர் உயரமும் கொண்டவை. மேல்மூடியைக் கழற்ற முடிகிற மாதிரிகளில் அதைக் கழற்றினாலும் 81, 82-க்குக் கீழே இறங்காது. எனவே மேடைக்கடியில் வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்; மேடையை உடைத்துக் கட்டும் செலவுக்கு இது தகுதியானதல்ல. யூட்டிலிட்டியே சரி. அங்கே அகலத்தைவிட முன்பக்க இடத்தை அளந்து பாருங்கள். கதவு கீழ்நோக்கித் திறக்கும். முழுவதும் திறந்த நிலையில் சுவரிலிருந்து ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் வரை நீளும், அதற்கப்பால் நீங்கள் நின்று குனிய இடம் வேண்டும். இடம் நெருக்கடி என்றால் 45 சென்டிமீட்டர் அகலத்தில் 9, 10 பிளேஸ் செட்டிங் மாதிரிகளும் வருகின்றன. ஆனால் ஐந்து பேருக்கு நாளில் இரண்டு மூன்று தடவை ஓட்ட வேண்டியிருக்கும். மழைச்சாரல் நேரடியாக அடிக்கும் மூலையில் மட்டும் வைக்காதீர்கள்.

தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் அழுத்தம் 1 பார். உங்கள் தளத்துக்கு நேர் மேலே தொட்டி என்றால், தொட்டியின் நீர்மட்டத்துக்கும் யூட்டிலிட்டிக் குழாய்க்கும் இடையே 4, 5 மீட்டர்தான் இருக்கும்; அதாவது 0.4 அல்லது 0.5 பார். இயந்திரங்கள் குறைந்தபட்சமாகக் கேட்பது மாதிரிக்கேற்ப 0.3 முதல் 0.5 பார் வரை. நீங்கள் எல்லைக்கோட்டில் இருக்கிறீர்கள். குழாயை முழுவதும் திறந்து 20 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் நிரம்பினால் பெரும்பாலும் பிரச்சினை வராது. நிரம்பாவிட்டால், முதலில் குழாயையும் அதற்கு வரும் பைப்பையும் பாருங்கள். உங்கள் தண்ணீருக்கு அவை உள்ளே பொருக்குக் கட்டிப் பாதியாகச் சுருங்கியிருக்கக்கூடும். அதன் பிறகும் போதவில்லை என்றால் அந்தக் குழாய்க்கு மட்டும் சிறிய பிரஷர் பம்ப் வைக்கலாம். அழுத்தம் குறைந்தால் இயந்திரம் நீர் நிரம்பக் காத்திருந்துவிட்டுக் குழாய்ப் படத்தைக் காட்டி நின்றுவிடும். அதை இயந்திரக் கோளாறு என்று எண்ணிச் சர்வீசுக்கு அழைப்பவர்களே அதிகம்.

6 ஆம்ப் பிளக்கில் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். உள்ளே வெந்நீர் காய்ச்சும் ஹீட்டர் இருப்பதால் இது 2,400 வாட் வரை இழுக்கும். 10 ஆம்பியருக்கு மேல் போகும். போர்டிலிருந்து தனி வயர் இழுத்து, எர்த்தோடு 16 ஆம்ப் பாயிண்ட் வைக்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. மின்சாரம் போனால் போகட்டும், திரும்பி வந்ததும் பெரும்பாலான இயந்திரங்கள் விட்ட இடத்திலிருந்தே தொடரும். கழிவுநீர்க் குழாயைத் தரையோடு தரையாகப் போட்டுவிடாமல், ஏறத்தாழ முழங்கால் உயரத்துக்கு ஒரு வளைவாக ஏற்றி, பிறகு வடிகாலில் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் நிற்காமல் தானே வடிந்துகொண்டிருக்கும். யூட்டிலிட்டிக்கு எலி வருமானால், அடிப்பக்கத்தையும் குழாய்களையும் கம்பிவலையால் மூடச் சொல்லுங்கள். இயந்திரம் கெட்டதாகச் சொல்லி நான் பார்க்கப்போன வீடுகளில் எலி கடித்த குழாய்கள் நிறையவே உண்டு.

வேதியியல் வாத்தியார்:

640 என்பது எதிர்பார்த்ததுதான், அம்மா. கோடையில் போரின் நீர்மட்டம் இறங்கும்போது இது ஏறும்; ஆகவே இயந்திரத்தில் நீர்க் கடினத்தன்மை அமைப்பை இப்போதே கணக்குக்கு ஒரு படி மேலான நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு சற்று அதிகம் செலவாகும், வேறு தீங்கில்லை. மே மாதத்தில் மீண்டும் ஒருமுறை சொட்டு மருந்தில் பாருங்கள். 890-ஐத் தொட்டால் மட்டும் வெளியே ஒரு மென்னீராக்கியைப் பற்றி யோசிக்கலாம்.

தம்ளரில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கலங்க வேண்டாம். ஒரு சொட்டு வினிகர் விட்டுத் துடைத்துப் பாருங்கள். கரைந்து போனால் அது சுண்ணாம்புப் படிவு. உப்பு தீர்ந்திருக்கிறது அல்லது கடினத்தன்மை அமைப்பு குறைவாக இருக்கிறது என்று பொருள். வெறும் ஈரத்துணியிலேயே போய்விட்டால் அது சோடியம் உப்பு, டி.டி.எஸ். மிகுந்த நீர் உலர்ந்ததால் வருவது. மென்னீராக்கி கால்சியத்தின் இடத்தில் சோடியத்தை வைக்கிறதே தவிர டி.டி.எஸ்.-ஐக் குறைப்பதில்லை, எனவே அந்தப் புள்ளிகள் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், தீங்கற்றவை. ரின்ஸ் எய்டு அளவைக் கூட்டினால் குறையும். கண்ணாடித் தம்ளர் வினிகருக்கும் அசையாமல் மங்கலாகவே நின்றால் அது அரிப்பு. அந்தத் தம்ளர் மீளாது.

திருவானைக்காவல்:

மாமியாரைப் பற்றிக் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே. எங்கள் அம்மாவும் எண்பதை நெருங்குபவர். மடி, ஆசாரம் பார்ப்பவர். வாதாடி அவரை மாற்ற முயல வேண்டாம் என்பதே என் எண்ணம். காலைச் சமையல் முடிந்ததும் சமைத்த பாத்திரங்களை மட்டும் ஒரு நடை ஓட்டுகிறோம். சாப்பிட்ட தட்டு, தம்ளர், டிபன் டப்பா எல்லாம் சேர்ந்து இரவில் ஒரு நடை. ஐந்து பேர் வீட்டில் இரண்டு நடைக்கும் பாத்திரம் தாராளமாகச் சேரும். அதனால் வீண் செலவும் இல்லை. ஒரே தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றுகிறதா என்பதும் அம்மாவுக்கு உறுத்தலாக இருந்தது. ஒரு கட்டத்துக்குள் சுற்றுவது உண்மைதான். ஆனால் சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீர் எடுத்து அலசுகிறது; கடைசி அலசலுக்கும் புதுத்தண்ணீரே வருகிறது. கழிவுநீர்க் குழாயின் முனையை அவர் கண்முன்னே காட்டினோம். முதலில் கலங்கலாகவும், கடைசியில் தெளிவாகவும் வருவதைப் பார்த்த பிறகு பேச்சு ஓய்ந்தது.

அவருடைய வெண்கலப் பானையும் ஈயச் சொம்பும் கல்சட்டியும் எப்படியும் உள்ளே போகக் கூடாதவை. அவற்றை அவரே புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிக்கொள்கிறார். பூஜைப் பாத்திரங்களும் அப்படியே. வெள்ளிக் கிண்ணம் எதையாவது பிள்ளைகள் எவர்சில்வரோடு கலந்து உள்ளே போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் வெள்ளியில் கறை விழும்.

அம்பத்தூர் அகிலா:

இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். கழுவி முடிந்ததும் கதவைத் தானே சற்றுத் திறந்து நீராவியை வெளியே விடும் மாதிரிகள் உண்டு. விலை சற்றுக் கூடினாலும், பிளாஸ்டிக் டப்பாக்கள் அதிகம் உள்ள உங்கள் வீட்டுக்கு அது பயன்படும். எவர்சில்வர் தன் சூட்டிலேயே காய்ந்துவிடும். பிளாஸ்டிக் சூட்டைத் தக்கவைக்காது, ஈரமாகவே வெளிவரும். காலையில் பள்ளிக்குக் கட்ட வேண்டிய டப்பா என்றால் முந்தைய இரவே கதவைத் திறந்து வையுங்கள்.

மேல்தளவாசி:

வாளி ஒன்றரை நிமிடத்தில் நிரம்பிவிட்டது. 16 ஆம்ப் பாயிண்டுக்கு எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை வருகிறார். 13 பிளேஸ் செட்டிங்கை ஒட்டிய அளவில், மடங்கும் கம்பி வரிசைகளும் கரண்டிக்கூடையும் உள்ள மாதிரிகளைக் குறித்து வைத்திருக்கிறோம்; போஷ், ஐ.எஃப்.பி., எல்.ஜி. மூன்றில் எது என்பதை, எங்கள் பகுதிக்கு எத்தனை நாளில் சர்வீஸ் ஆள் வருவார் என்று குடியிருப்பில் ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடம் கேட்டுவிட்டு முடிவுசெய்வோம். அலுமினியக் குக்கர் இரண்டையும் எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கச் சொல்லிவிட்டார் மாமியார். ‘என் கல்சட்டியை மட்டும் யாரும் தொடக் கூடாது’ என்பது அவருடைய நிபந்தனை.

மின்வினைஞர்:

நல்லது அம்மா. இயந்திரத்தைப் பொருத்த வருபவரிடம் நீர்க் கடினத்தன்மை அமைப்பை உங்கள் முன்னிலையிலேயே மாற்றச் சொல்லுங்கள். ஆலையிலிருந்து வரும் அமைப்பு உங்கள் 36 டிகிரிக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சிலர் உப்பைக் கொட்டிவிட்டு அதைத் தொடாமலே போய்விடுவார்கள். முதல் தடவை உப்பறையில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உப்பைப் போட வேண்டும்; வழிந்து சிந்திய உப்பு எவர்சில்வர் தொட்டியை அரிக்கும் என்பதால் உடனே ஒரு நடை ஓட்டிவிடுங்கள்.